நீலப்புள்ளி

சிவப்புப் புள்ளி வலக்காதுக்கு.
நீலப்புள்ளி இடக்காதுக்கு.
தௌனோவின் விரல்களுக்கு இந்த வேலையெல்லாம் முடியாது.
கெமி காகித ஆலையின் மூன்றாம் எந்திரம்
முப்பத்தோரு வருடத்தில் அவர் காதை எடுத்துக்கொண்டது.
போதாதென்று, ஒரு மதியம்,
இரண்டு விரல்நுனிகளையும்.
அதனால் ராத்திரி ஒன்பதரைக்கு
அடுப்படி மேசையில் பழைய துண்டை விரித்து
நான்தான் உட்காருகிறேன்.
துண்டு எதற்கென்றால், கைதவறினால் நொறுங்கிவிடும்.
விலையை ஒருமுறை கேட்டேன்;
அன்றிலிருந்து துண்டை இரண்டாக மடிக்கிறேன்.

முதுகை உலர்ந்த துணியால் துடைப்பேன்.
ஈரத்துணி ஆகாது, ஸ்பிரிட் ஆகவே ஆகாது.
வாயைக் கீழே பார்க்கப் பிடித்துக்கொண்டு
குட்டித் தூரிகையால் குறும்பியைத் தட்டுவேன்.
காது அச்சை மட்டும் கழற்றி
வெதுவெதுப்பான சோப்புநீரில்.
குழாயில் ஒரு துளி நின்றாலும்
மறுநாள் உலகமே அவருக்குத் தண்ணீருக்கடியில்.
ரப்பர் பந்தை அமுக்கி ஊதுவேன்.
பனியிலிருந்து வீட்டுக்குள் நுழைகிற மாதங்களில்
இன்னொரு முறை ஊதுவேன்.

பாட்டரியின் ஆரஞ்சு ஒட்டுத்தாளை உரித்ததும்
உடனே போட்டுவிடக்கூடாது.
காற்றைக் குடித்துத்தான் அது விழிக்கும்.
ஐந்து நிமிடம்.
அந்த ஐந்து நிமிடமும் தௌனோ அதையே பார்த்திருப்பார்,
முட்டை வேகிறதைப் பார்க்கிற மாதிரி.
உரித்த தாளை நாட்காட்டியில் ஒட்டுவேன்:
வலதென்றால் அன்றைய கட்டத்தில் வலமூலை,
இடதென்றால் இடமூலை.

பிப்ரவரி கடைசியில்
பல்வைத்தியரைப் பார்த்த தேதி தேடிப் புரட்டினேன்.
டிசம்பரிலிருந்து
வலமூலையில் எட்டு.
இடமூலையில் மூன்று.

ஒரே நாள் வாங்கிய ஜோடி. ஒரே பெட்டி பாட்டரி.
காலையில் இரண்டையும் நானே மாட்டிவிடுகிறேன்.
மேசையில் அவருக்கு இடப்பக்கம் உட்காருபவள்
நாற்பது வருடமாக
நான் ஒருத்திதான்.

பாட்டரிக் கதவை நகத்தால் ஒரு நெம்பு நெம்பினால் போதும்,
அணைந்துவிடும்.
காதும் காதும் வைத்தமாதிரி.
விரலால் முடியாதென்ற மனுஷர்
இதை மட்டும் எந்த விரலால் செய்தார்?

அன்று ராத்திரி சோதித்தேன்.
உயிரோடிருக்கும் கருவியை உள்ளங்கையில் பொத்தினால்
சீட்டியடிக்கும்.
வலது அடித்தது.
இடது, கூழாங்கல்.
ஒன்றும் சொல்லாமல் அதையும் துடைத்தேன்.
மூடிக்கிடக்கிற காதிலும்
குறும்பி சேரத்தான் செய்கிறது.

சனிக்கிழமை சௌனா.
ஆவி பட்டால் கருவி போய்விடும்;
வெளியறையில், அவர் கம்பளித் தொப்பிக்குள்,
இரண்டையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவோம்.
கேட்காதபோதுதான் தௌனோ நிறையப் பேசுவார்,
மூன்றாம் எந்திரத்தை மீறிக் கத்திய அதே குரலில்.
கல்மீது ஓர் அகப்பை தண்ணீர் ஊற்றிச் சொன்னேன்:
"ஒட்டுத்தாளை எண்ணினேன்."
எப்படியும் கேட்காது என்றுதான் சொன்னது.
உதட்டைப் பார்த்திருக்கிறார்.
கொஞ்சநேரம் கல் மட்டும் சீறியது.
பிறகு, ஆற்றங்கரை முழுக்கக் கேட்கும்படி:
"உன் கரண்டி, ஹில்க்கா!
காப்பியை இருபது தரம் கலக்குகிறாய்!
காகிதம் அறுந்தால் ஆலையில் அடிக்கிற மணி மாதிரி இருக்கிறது!"

நான் சர்க்கரையை விட்டு ஆறு வருடமாகிறது.
இருந்தும் கலக்குகிறேன் போல.

நம்பினேனா என்று கேட்காதீர்கள்.
பேச்சு என்று சொல்ல மனம் வராமல்
கரண்டி என்று சொல்லியிருக்கலாம்.
திங்கட்கிழமை சந்தைக்குப் போய்
பிர்ச் மரத்தில் செதுக்கிய கரண்டி ஒன்று வாங்கினேன்,
நாலரை யூரோ.
அது பீங்கானில் படுவது எனக்கே கேட்பதில்லை.

நேற்று ராத்திரி ஒன்பதரை.
துண்டு, தூரிகை, உலர்த்தும் டப்பா.
டப்பாவின் மணிகள் நிறம் மாறியிருந்தன, மாற்ற வேண்டும்.
பாட்டரிக் கதவுகளைத் திறக்குமுன்
நீலப்புள்ளியை எடுத்துக் கைக்குள் பொத்தினேன்.
சீட்டியடித்தது.
மெலிதாகத்தான். பாட்டரி தீரப்போகிறது.
இன்னும் கொஞ்சநேரம்
பொத்தியே வைத்திருந்தேன்.